பன்னிரண்டு விளக்குகளும் ஓர் இரவும்

என் நாத்தனார் யாஸ்னா இரவில் கேமராவை வைத்து வானத்தைப் படம் எடுப்பாள். அரை நிமிடத்துக்கு ஒன்று என்று விடிய விடிய எடுத்து, அத்தனையையும் கோர்த்து ஓடவிட்டால் முழு இரவும் அரை நிமிடத்தில் கண்முன்னே கடந்து போகும். பிழைப்புக்கு வேன் ஓட்டுகிறாள். வெந்நீர் ஊற்றுகளைப் பார்க்க வருகிறவர்களை ஏற்றிப் போகிற வேலை. எனக்கு அவளுடைய கேமரா மேல் மரியாதை எதுவும் இருந்ததில்லை. ரொட்டி சுட்டு விற்கிறவள் நான். மூன்று மணிக்கு எழுகிறவளுக்கு நட்சத்திரத்தின் மேல் என்ன ஆசை வரும்?

போன வருடம் உப்புக் கம்பெனி, மலை மேல் இருக்கிற எங்கள் தாலமார் ஊருக்கு மேற்கே புதிய உப்புப் பாத்திகள் கட்டியது. சுற்றிலும் பன்னிரண்டு உயரக் கம்பங்கள், ஒவ்வொன்றிலும் கண் கூசுகிற விளக்கு. அந்தக் குளிர்காலத்தில் எங்கள் உப்பு ஏரியில் பூநாரைகள் தங்கவில்லை. வரும், சுற்றும், போய்விடும். விளக்குகளால்தான் என்று ஊர் கூடிப் புகார் சொன்னது. கம்பெனி தன் இஞ்சினியர் பாரியெந்தோஸைப் பள்ளிக்கூடத்தில் நடந்த ஊர்க் கூட்டத்துக்கு அனுப்பியது.

"வெளிச்சம் ஐந்நூறு மீட்டரோட நின்னுடும்ங்க. ஏரி நாலு கிலோமீட்டர் தள்ளி இருக்கு. கணக்குப் போட்டுப் பாத்துட்டோம்," என்றார் அவர்.

யாஸ்னா எழுந்தாள். "அந்தக் கணக்கு பறவைக்குத் தெரியலையே, சார். நான் காட்டறேன்."

"எதை வச்சுக் காட்டுவீங்க?"

"கேமராவை வச்சு."

பின் வரிசையில் சிரித்தார்கள். ஊர்த் தலைவர் எலெயுதேரியோ மேசையைத் தட்டினார். "சிரிச்சது போதும். அடுத்த கூட்டம் பதினஞ்சு நாள்ல. அதுக்குள்ள காட்டு, தாயி."

முதல் இரவு குளிர் மைனஸ் பதினான்கு. நடுநிசியிலேயே பேட்டரி செத்துப் போனது. இரண்டாம் முறை லென்ஸ் முழுக்கப் பனி உறைந்துவிட்டது. போதாததற்குக் கம்பெனியின் காவல் வண்டி ஒன்று முகவிளக்கை ஏரிப் பக்கம் திருப்பி நின்று மிச்சத்தையும் கெடுத்தது. யாஸ்னா என் கடைக்கு வந்து மாவு மூட்டை மேல் உட்கார்ந்து அழுதாள்.

அப்போதுதான் கடைக் கதவில் யாரோ ஒட்டிவிட்டுப் போயிருந்த தாளைப் பார்த்தாள். கம்பெனியின் உப்பு ஆலையில் வேலை செய்கிற எங்கள் ஊர்க்காரர்களுக்கான அறிவிப்பு: வியாழன் பின்னிரவு இரண்டு முதல் நான்கு மணி வரை பராமரிப்புக்காக ஆலையிலும் பாத்திகளிலும் மின்சாரம் நிறுத்தம்.

கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "அண்ணி! விளக்கு எரியும், அணையும், மறுபடி எரியும். மூணும் ஒரே ராத்திரில! இதைவிட வேற என்ன வேணும்?"

"பேட்டரி வேணும்," என்றேன்.

"அதுக்குத்தான் உங்க வயித்துச் சூடு வேணும்."

"என்னது?"

"பவர் பேங்க்கை உங்க ஸ்வெட்டருக்குள்ள வச்சுக்கிட்டு கேமரா பக்கத்துல உக்காருங்க. ஒயர் நீளம் ஒரு முழம்தான். நான் வானத்தையும் காத்தையும் பாத்துக்கணும்."

"நான் என்னடி, அடுப்பா?"

"அண்ணனே சொல்லியிருக்காரு, வீட்ல அடுப்பு அணைஞ்சாலும் நீங்க அணைய மாட்டீங்கன்னு."

அவளை அடிக்கக் கை ஓங்கினேன். ஆனால் வியாழக்கிழமை வேலையைத் தங்கையிடம் விட்டுவிட்டு வேனில் ஏறிவிட்டேன்.

அமாவாசை. ஏரிக்கரையில் வேனைக் காற்றுக்குக் குறுக்கே சுவர் போல நிறுத்தினாள். மூன்று கால் தாங்கி ஆடாமல் இருக்க அதன் நடுவில் தண்ணீர் கேனைக் கட்டித் தொங்கவிட்டாள். லென்ஸைச் சுற்றிச் சூட்டுப் பொட்டலம், அதன் மேல் பாதி வெட்டிய கம்பளிக் காலுறை. பத்து மணிக்குக் கேமரா க்ளிக் என்றது. மூன்று ஸ்வெட்டருக்குள் பவர் பேங்க்கை அணைத்துக்கொண்டு நான் ரொட்டிக் கூடையைக் கவிழ்த்து உட்கார்ந்தேன்.

ஒரு மணிக்குக் காற்று திரும்பி, வேன் மறைக்காத பக்கத்திலிருந்து அடித்தது. தாங்கி நடுங்கியது. யாஸ்னா போர்வையைத் தோளிலிருந்து இரு கையாலும் விரித்துப் பிடித்து, கேமராவின் பக்கவாட்டில் சிலுவை போல நின்றாள்.

"எவ்வளவு நேரம்டி இப்படி நிப்ப?"

"அஞ்சு மணி வரைக்கும்."

"எனக்கு ஒண்ணுக்கு வருது."

"அடக்குங்க அண்ணி, ஊருக்காக."

சிரித்தால் ஒயர் ஆடும் என்று சிரிக்காமல் இருக்க நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

சரியாக இரண்டு மணிக்கு மேற்கே பன்னிரண்டு விளக்குகளும் ஒன்றாக அணைந்தன. என் நாற்பத்தாறு வருடத்தில் அப்படியோர் இருட்டை நான் நிமிர்ந்து பார்த்ததில்லை. வானத்துப் பால்வீதி அப்படியே தண்ணீரில் கிடந்தது. நான்கு மணிக்கு விளக்குகள் மறுபடி எரிந்தன. அப்போதும் யாஸ்னாவின் கையிலிருந்த போர்வை இறங்கவில்லை. ஐந்து மணிக்குக் கடைசி க்ளிக் கேட்டதும் அவளுடைய விரல்களை நான்தான் ஒவ்வொன்றாகப் பிரித்துவிட்டேன். பிறகு வேனுக்குப் பின்னால் ஓடினேன்.

கூட்டத்தன்று இரவு பள்ளிக்கூடச் சுவரில் வெள்ளை விரிப்பைக் கட்டிப் படத்தை ஓட்டினாள். மொத்தம் முப்பத்தைந்து நொடி. முதல் இருபது நொடியில் மேற்கு வானம் முழுக்க மஞ்சள் புகை போல வெளிச்சம்; ஏரித் தண்ணீரில் பன்னிரண்டு கோடுகள். பறவைகளையே காணவில்லை, ஓரிடத்தில் நிற்காததால், பல நொடி திறந்திருந்து எடுக்கிற கேமராவில் வெறும் கலங்கலாகத்தான் பதிந்திருந்தன. சட்டென்று இருட்டு. நட்சத்திரங்கள் கொட்டின. அந்தக் கலங்கல் மெல்ல அடங்க, அடங்க, ஒவ்வொன்றாகப் பூநாரைகள் முளைத்தன. கழுத்தை மடித்து, ஒற்றைக் காலில், அசையாமல், நூற்றுக்கணக்கில். பத்து நொடி. விளக்கு வந்தது. அத்தனையும் மறுபடி கலைந்து புகையாகிப் போயின.



"இன்னொரு தடவை போடு," என்றார் எலெயுதேரியோ.

மூன்றாவது முறை போடச் சொன்னவர் பாரியெந்தோஸ். விரிப்புக்குப் பக்கத்தில் போய் நின்று பார்த்தார். திரும்பியபோது நேராக யாஸ்னாவிடம் வந்தார்.

"என் கணக்கு தப்பு. தரையில விழற வெளிச்சத்தை மட்டும்தான் அளந்தேன். வானத்தையும் தண்ணியையும் விட்டுட்டேன். விளக்குக்கு மூடி போட்டுக் கீழ்ப்பக்கம் திருப்பணும். அது முடியற வரைக்கும் ராத்திரில அணைச்சுடலாம்."

"எப்போலேர்ந்து?" என்றாள் யாஸ்னா.

அவர் போனை எடுத்து, தலைமை அலுவலகத்தில் யாரிடமோ நெடுநேரம் வாதாடினார். ஒரு கட்டத்தில், "பொறுப்பு என்னுது, எழுதித் தரேன்" என்று கத்தினார். அடுத்ததாக ஆலைக்குப் பேசினார்.

ஊரே வெளியில் ஓடியது. மேற்கே ஒரு விளக்கு அணைந்தது. "ஒண்ணு!" என்று யாரோ கத்த, அதன் பிறகு எல்லோரும் சேர்ந்து எண்ணினோம். பன்னிரண்டு என்றதும் நிறுத்தியிருந்த வண்டிகள் அத்தனையும் ஹாரன் அடிக்க ஆரம்பித்தன. யாஸ்னா வேன் கூரை மேல் ஏறி நின்று இரு கையையும் வீசினாள்.

"ஹாரனை நிறுத்துங்கடா அறிவுகெட்டவனுங்களா! பறவை பறந்துடும்!"

நிறுத்தினார்கள். கூரையிலிருந்து இறங்கியவளை என் வீட்டுக்காரரும் எலெயுதேரியோவும் தோளில் தூக்கிக்கொண்டார்கள். வாயைப் பொத்திச் சிரித்தபடி, சத்தம் வராமல் கை தட்டிக்கொண்டு, அந்த இருட்டில் தெருத் தெருவாக அவளைச் சுமந்து போனோம்.