டோரிஸ் போட்ட மதிப்பெண்

ஈஸ்டர் முடிந்த வாரத்தில் தம்போய் அடுக்குமாடியில் குடியிருந்த ரேமண்டின் நிறம் போகத் தொடங்கியது. முதலில் உதட்டுச் சிவப்பு போனது, பிறகு காதோரங்கள் கலங்கின. ஆண்டுக் கடைசி மழைக்குள் அவருக்குப் பின்னால் மாட்டியிருந்த கடிகாரத்தில் அவர் ஊடாகவே மணி பார்க்க முடிந்தது. இதைக் கண்டுபிடித்தவள் மனைவி டோரிஸ். பிரிண்டர் செய்யும் ஃபேக்டரியில் அவளுக்கு அதுதான் வேலை. சாம்பல் நிற அறையில், மாறாத வெளிச்சத்தில், அச்சடித்த படங்களை வெளியாட்களுக்குக் காட்டி, கண்ணுக்கு எப்படி இருக்கிறது என்று ஒன்று முதல் ஐந்து வரை மதிப்பெண் வாங்குவாள். கருவி சரியென்று சொன்ன படத்தையும் மனிதக் கண் கழித்துக் கட்டியதுண்டு.

கிளினிக்கில் ரேமண்டின் ரத்தத்தில் குறையில்லை என்றார்கள். சர்ச்சில் மெழுகுவர்த்தி ஏற்றினாள். பீட்ரூட் சாறு கொடுத்தாள், அவரும் மறுக்காமல் குடித்தார். கடைசியில் ஒரு சனிக்கிழமை, ஹாலில் சாம்பல் போர்வையைத் தொங்கவிட்டு, அதன்முன் அவரை உட்காரவைத்து, தெரிந்தவர்களைக் கூப்பிட்டு மதிப்பெண் போடச் சொன்னாள். கீழ்மாடி காளியம்மா ஐந்து என்றார். கெலாங் பாத்தா கிடங்கில் ரேமண்டோடு வேலை செய்யும் யுகேந்திரனும் ஐந்து. கேஸ் சிலிண்டர் கொண்டுவந்தவர்கூடக் குறைக்கவில்லை.

"எனக்காகப் பொய் சொல்லாதீங்க, உங்க காலப் புடிச்சுக் கேக்கறேன்!" என்று டோரிஸ் கத்தினாள்.

காளியம்மா அவள் கையைப் பிடித்துக்கொண்டார். "அவருக்கு ஒண்ணும் இல்ல லா. பளிச்சுனு உக்காந்திருக்காரு. சரி, நீ எத்தன போடுவ?"

டோரிஸ் பார்த்தாள். போர்வையின் மடிப்புகள் ஒன்றுவிடாமல் தெரிந்தன.

"ஒண்ணு."

நாற்காலிப் பக்கமிருந்து ஓர் ஆணின் அழுகை கேட்டது.

அவள் பார்வையில் பழுதே இல்லை என்றார் கண் டாக்டர். இமைக்காமல் பார்த்துப் பார்த்துக் கண்ணில் நீர் வழிந்ததுதான் மிச்சம். கல்யாணப் படத்திலும் அவள் பக்கத்தில் வெறும் சுவர். "என்ன விட்டுப் போறீங்களா?" என்று காற்றில் துழாவி அவர் முகத்தைப் பிடித்துக்கொண்டு கேட்டாள். "எங்க போவேன்? ஒன் கைலதானே இருக்கேன்" என்றார். கிறிஸ்துமஸுக்குள் அவள் கண்ணுக்குத் தெரிந்த கொஞ்சநஞ்சமும் போய்விட்டது.

அப்படியே சில வருடங்கள் ஓடின. இப்போதெல்லாம் அவர் முழங்கையைப் பிடித்தபடி டோரிஸ் மார்க்கெட்டுக்குப் போகிறாள். போன வாரம் எதிரே வந்த காளியம்மா நின்று, "இன்னிக்கு மீசைய எடுத்துட்டாரு" என்றார், கீரை விலை சொல்வதுபோல.

டோரிஸ் கைநீட்டி ரேமண்டின் மேலுதட்டைத் தடவினாள். "நல்லா இருக்காக்கா?"

"வயசு கொறஞ்ச மாதிரி இருக்கு."

டோரிஸ் சரியென்று தலையாட்டினாள்; கணவனும் மனைவியும் மீன் வாங்கப் போனார்கள்.