குளக்கரைக்குப் போன பலகை

"சின்னவ சொல்றதுதாம்மா எனக்கும் சரின்னு படுது." சாதம் போட்டபடியே மாமியார் வாயை விட்டார். போதாதா? பெரியவளுக்கு அடிவயிறு பற்றிக்கொண்டது.

மேஜையில் தட்டுகளுக்கு நடுவே வரைபடம் விரிந்து கிடந்தது. ஆட்டு மந்தையோடு ஊர் ஊராகத் திரியும் நாடோடிகளுக்கு மருத்துவ நிலையம் எங்கே வைப்பது? முடிவெடுக்க வேண்டிய டாக்டர், பெரியவள். அவளுடைய ஓரகத்தி அதே துறையில் வெறும் நர்ஸ். அந்த நர்ஸ் குளக்கரையில் விரலை வைத்திருந்தாள்.

"தண்ணி காட்ட அங்கதானேக்கா வந்தாகணும்? மந்தைய விட்டுட்டு கடைத்தெருவுக்கு எப்படி வருவாங்க?"

சரிதான் என்று பெரியவளுக்கும் தெரிந்தது. அதுதான் பொறுக்கவில்லை. வந்த இரண்டே வருஷத்தில் மாமியாரை வளைத்துப் போட்டாயிற்று. நாடோடிப் பெண்களும் 'சின்னக்கா' என்று இவளைத்தான் தேடுகிறார்கள். இனி ஆபீசிலும் இவள் கொடிதான் பறக்க வேண்டுமா?

"கடைத்தெருதான்," என்று எழுந்து கை கழுவினாள்.

கடைத்தெருவில் நிலையம் திறந்தது. வாசலில் 'நாடோடி மக்கள் மருத்துவ நிலையம்' என்று பெரிய பலகை. உள்ளே பெஞ்சு முழுக்கத் தெருக்காரர்களின் மூட்டுவலியும் தலைவலியும். நாடோடிகளோ, லீவு நாளில் குளக்கரைக்குப் போகும் சின்னவளிடம்தான் மருந்து வாங்கினார்கள். அதைக் கேட்ட நாளெல்லாம் பெரியவளுக்குச் சோறு இறங்கவில்லை.

சின்னவளுக்கு லீவான ஒருநாள், குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு ஒரு நாடோடிப் பெண் வந்தாள்.

"வெளியவே நில்லும்மா! ஆட்டு நாத்தம் குடலப் புடுங்குது," என்றார் மூட்டுவலிக்கு வந்திருந்த துணிக்கடைக்காரர். பெஞ்சில் ஒருவரும் நகரவில்லை. அவள் பலகைக்கு நேர் கீழே வெயிலில் நின்றாள்.

பெரியவள் வெளியே வந்தாள்.

"சின்னக்கா இல்லீங்களா?"

சுரீரென்றது. "ஏன், நான் பாக்கக் கூடாதா?" என்று குழந்தையைத் தொட்டாள். அனலாகக் கொதித்தது. "இவ்வளவு காய்ச்சலோட இப்பத்தான் வர்றியா?"

"நேத்தே வந்தேங்க. மந்தையோட தெருவுக்குள்ள விடலீங்க."

பெரியவள் குழந்தையைக் கையில் வாங்கினாள். தன் வயிற்றெரிச்சல் இந்தப் பிள்ளை உடம்பில் போய்க் கொதிக்கிறதே! வாசற்படியிலேயே உட்கார்ந்து ஊசி போட்டாள், மருந்து புகட்டினாள். பிறகு ஸ்டூலை இழுத்துப்போட்டு ஏறிப் பலகையைக் கழற்றினாள்.

துணிக்கடைக்காரர் பதறினார். "அப்ப நாங்க எங்கம்மா போறது?"

"குளக்கரைக்கு வாங்க. ஆட்டோட ஆடா வரிசையில நில்லுங்க."

தாய், பிள்ளை, பலகை எல்லாம் ஜீப்பில் ஏறின. குளக்கரையில் அன்றும் சின்னவளைச் சுற்றி ஒரே கூட்டம். பார்த்ததும் பெரியவளுக்கு மறுபடியும் எரிந்தது.

"அந்தப் பக்கம் பிடிடி," என்று பலகையின் ஒரு முனையை நீட்டினாள். "உன்னப் பாத்தா இன்னும் வயிறு எரியத்தான் செய்யுது. அத வீட்டுல வச்சுக்கலாம்."