கைத்தராசு

தராசு வீட்டுக்கு வந்த அன்றே சண்டையும் வந்தது. கொட்டகை உத்தரத்துக் கொக்கியில் தொங்கவிட்டு, கீழே சாக்குத் துணியைத் தூளி மாதிரி கட்டி, ஆட்டை அதற்குள் நிறுத்தினால் எண் காட்டும் தராசு. சிறு பண்ணைக்காரர்கள் கட்டாயம் வாங்க வேண்டிய சாமான் என்று தீவனக் கடைக்காரர் சொன்னாராம். கணவன் வாங்கியது அதற்காக இல்லை என்று அவளுக்குத் தெரியாதா என்ன?

அவளுடைய அண்ணன் ஆட்டு வியாபாரி. குட்டியின் நெஞ்சுக்கடியில் ஒரு கை, வயிற்றுக்கடியில் ஒரு கை கொடுத்து ஒரே தூக்கு. கீழே விடும்போதே எடையைச் சொல்லிவிடுவான். சந்தையில் அவனுக்குப் பெயரே கைத்தராசு. ஐந்து வருடமாக இந்தக் கொட்டகைக் குட்டிகளை அவன்தான் வாங்கினான், தன் வாயால் சொன்ன எடைக்கு விலை கொடுத்து. கணவனுக்கு அது உறுத்திக்கொண்டே இருந்தது.

"கையால தூக்கி கிலோ சொல்றதை இந்தக் காலத்துல யாராவது நம்புவாங்களா? உங்கண்ணன் எடையில நல்லா அமுக்குறார்."

"அண்ணன் ஒரு கிலோ ஏமாத்தியிருந்தாலும் சரி, அப்புறம் இந்த வாசப்படிய மிதிக்க விடமாட்டேன். போதுமா?"

வீறாப்பாகச் சொல்லிவிட்டாளே ஒழிய, உள்ளுக்குள் அவளுக்கு உதறல்தான். அப்பா அம்மா போன பிறகு பிறந்த வீடு என்று இருப்பது அந்த ஒரு மனிதன் மட்டும். அவனுக்கும் கதவைச் சாத்திவிட்டு யார் முகத்தில் விழிப்பது?

மறுநாள் காலை அண்ணன் வந்தான். விற்கிற பருவத்தில் மூன்று குட்டிகள் நின்றன. தராசைப் பார்த்ததும் அவன் முகம் ஒரு மாதிரி ஆகிவிட்டது.

"எதுக்கு மாப்பிள்ளை இந்த வீண் செலவு?"

"சும்மா ஒரு ஆசைதான் மச்சான். முதல்ல நீங்க தூக்கிச் சொல்லுங்க."

"இன்னைக்குத் தோள்பட்டை வலி. இன்னொரு நாள் பார்ப்போமே."

கணவன் அவளை ஒரு பார்வை பார்த்தான். அவளுக்கு அங்கேயே உயிர் போய்விட்டது.

"தூக்குண்ணா," என்றாள்.

அண்ணன் முதல் குட்டியைத் தூக்கினான். தங்கை முகத்தைப் பார்த்தான். "பதினேழு," என்றான். அடுத்தது பதினாறு. மூன்றாவது பதினாறரை.

கணவன் ஒவ்வொன்றாகத் தராசில் ஏற்றினான். பதினாலரை. பதிமூணரை. பதினாலு.

எடையைக் குறைத்துச் சொல்லவில்லை. அண்ணன் சொன்னதுதான் கூடுதல். தராசுதான் பழுது என்று கணவன் முணுமுணுத்துக்கொண்டே பிரிக்காத இருபத்தைந்து கிலோ தீவன மூட்டையைத் தூக்கி மாட்டினான். தராசு சரியாக இருபத்தைந்து காட்டியது. மனிதன் தலையைச் சொறிந்தபடி நின்றுவிட்டான். இவ்வளவு நாள் சந்தேகப்பட்ட வாயை எங்கே கொண்டுபோய் வைத்துக்கொள்வான், பாவம்.

வாசல் சாத்த வேண்டியதில்லை என்று அவளுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. வந்த வேகத்தில் கோபமும் வந்தது. என் குட்டி பதினாறு கிலோவுக்குக் குறைந்து போனதே இல்லை என்று தெரு முழுக்கப் பீற்றிக்கொண்டவள் அவள். அந்த நம்பிக்கையில்தான் இன்னும் ஐந்து பெட்டை ஆடுகளுக்கும் சோளத்தட்டை நறுக்கும் எந்திரத்துக்கும் முன்பணம் கட்டியிருந்தாள்.

"அப்போ அஞ்சு வருஷமா நான் ஆடு வளர்க்கல. நீ என்னை வளர்த்திருக்க."

"அப்படி இல்லம்மா. மாப்பிள்ளைக்கு வேலை போன நேரம். முதல் குட்டியைத் தூக்கினப்ப உன் மூஞ்சியைப் பார்த்தேன். வாய் தானா ரெண்டரை கிலோ கூட்டிடுச்சு. அடுத்த தடவை எப்படிக் கொறைக்கிறது?"

"குட்டி ஏன் தேறல? உனக்குத் தெரியும். மழுப்பாம சொல்லு."

அண்ணன் மூலையில் கட்டியிருந்த கிடாவைப் பார்த்தான். அதற்குத் துரை என்று பெயர். வேலை போன அந்த வருடம் அண்ணன் தன் செலவில் நான்கு பெட்டை ஆடுகளோடு ஓட்டிவந்து விட்ட கிடா. கொட்டகையில் முதல் கட்டுத் தழை துரைக்குத்தான். வந்தவர் போனவரிடமெல்லாம் "எங்கண்ணன் குடுத்தது" என்று அவள் காட்டாத நாளில்லை.

"ரெண்டு வருஷத்துக்கு ஒருக்கா கிடாவை மாத்தணும்மா. இங்க அம்மா, மக, பேத்தி எல்லாத்துக்கும் இவன் ஒருத்தனே. குட்டி எப்படித் தேறும்?"

"இதை ஏன் இத்தனை நாளா சொல்லல?"

"நான் குடுத்ததை நானே எப்படி வித்துடுன்னு சொல்றது?"

"நீ குடுத்ததுன்னுதான் நானும் விக்கல," என்றாள். நல்ல அண்ணன், நல்ல தங்கை. இரண்டு பேரும் ஒருவர் மனம் ஒருவர் கோணக்கூடாது என்று பார்த்துப் பார்த்து, ஒரு கொட்டகைக் குட்டிகளையே சோடையாக்கி வைத்திருந்தார்கள்.

அவள் போய் துரையின் கயிற்றை அவிழ்த்தாள். அது வழக்கம்போல் தழைக்காக அவள் கையை மோந்தது. கையை விலக்கிக்கொண்டு, அதை இழுத்து வந்து அண்ணன் முன்னால் நிறுத்தினாள்.

"இவனைத் தூக்கு. கூட்டாம சொல்லு."

அண்ணன் இந்தத் தடவை அவள் முகத்தைப் பார்க்கவில்லை. கிடாவின் நெஞ்சுக்கடியில் கை கொடுத்து, மூச்சைப் பிடித்துத் தூக்கி, மெதுவாக இறக்கினான்.

"நாப்பத்தொண்ணு," என்றான். பிறகு திருத்தினான். "நாப்பத்தொண்ணரை."

ஆண்கள் இரண்டு பேரும் சேர்ந்து கிடாவைத் தூளியில் ஏற்றினார்கள். எண்கள் கொஞ்ச நேரம் ஏறி இறங்கி ஓய்ந்தன. நாற்பத்தொன்றரை.

அவள் தீவன மூட்டைமேல் உட்கார்ந்து அழுதுவிட்டாள். ஐந்து வருடத்தில் அந்தக் கைக்கு ஒரு தடவைகூடத் தப்பு நேர்ந்ததில்லை. மூக்கைத் துடைத்துக்கொண்டு, "வேற கிடா நீயே பார்த்துக் கொண்டு வா. ஆனா குட்டிக்கு விலை இனிமே தராசு சொல்ற எடைக்குத்தான். இந்த மூணுக்கும் அப்படித்தான்," என்றாள். அண்ணன் தலையை ஆட்டினான்.

கணவன் துரையை இறக்கிவிட்டு, பொத்தானை அழுத்தித் தராசை அணைத்தான். யார் முகத்தையும் பார்க்காமல் தூளியைச் சுருட்டி வைத்தான்.

"உள்ள போய் டீ போடு," என்றான். "மச்சான் வந்ததுலேர்ந்து இன்னும் வாசப்படி ஏறல."