மிதந்து வந்த தகரம்

இனிகோவின் வேனுக்குக் கூரை இருந்தது என்று சொல்வதைவிட, அவ்வப்போது இருந்தது என்று சொல்வதே சரி. பட்டாளத்து ஏலத்தில் எடுத்த பழைய வண்டி. கப்பல்களுக்கு அரிசி, காய்கறி, உயிர் ஆடு என்று சாமான் கொண்டுபோகிற வேலை அதற்கு. சரக்கு வைக்கிற கிட்டங்கியின் மாடியிலிருந்து கப்பி கட்டி மூட்டைகளை நேரே வண்டிக்குள் இறக்குவார்கள். அதனால் கூரையை நட்டைத் திருகினால் கழன்று வருகிற இரண்டு தகரங்களாகச் செய்திருந்தான். ஏற்றி முடிகிறவரை அவை சுவரோரம் சாய்ந்து நிற்க வேண்டும். 1975 ஆவணியில் ஒருநாள் திரும்பிப் பார்த்தால் ஒன்று நின்றது, மற்றது இல்லை.

புதுத் தகரம் அடித்து, சங்கிலி போட்டுப் பூட்டினான். அது சங்கிலியோடு போனது.

கப்பல் ஏஜண்டு ஆபீஸில் கிருபாநிதி, நாசரேத்துக்காரர், கணக்காகப் பேசுகிற மனுஷன். "இந்தா பாரும் வே, நனைஞ்ச அரிசியக் கப்பல்காரன் தொட மாட்டான். மழைக்கு முன்ன கூரை நிக்கணும். இல்லன்னா வேற வண்டி பார்த்துக்கிடுவேன்."

இனிகோவுக்கு அந்த ஒரு ஆபீஸ்தான் சோறு. யோசித்து யோசித்து, வள்ளங்களுக்குப் பெயின்ட் அடிக்கிறவனைக் கூப்பிட்டு மூன்றாவது தகரத்தில் மாதா படம் வரையச் சொன்னான். நீல முக்காடு, காலடியில் அலை. வலது கண் மட்டும் கொஞ்சம் பெரிதாக விழுந்துவிட்டது.

"மாதாவ எவன் சார் திருடுவான்?" என்றான் கிருபாநிதியிடம்.

"திருடன் ஜெபம் பண்ணிட்டா வாரான்?" என்றார் அவர்.

பத்தே நாளில் மாதாவும் போனாள். அன்று இனிகோவுக்கு வந்த கோபம் இருக்கிறதே, அது வெறும் தகரத்துக்கான கோபம் இல்லை. தன்னை ஒருத்தன் மூன்று தடவை முட்டாளாக்கிவிட்டான் என்ற கோபம். அவன் கையை ஒடிக்காமல் விட மாட்டேன் என்று கிட்டங்கிச் சுவரில் ஓங்கிக் குத்தினான். வீங்கியது இவன் கைதான்.

அடுத்த வாரம் அவன் மனைவி இசபெல்லா மார்க்கெட்டிலிருந்து மூச்சிரைக்க வந்தாள். "பெரியதாழைக்குத் தெற்க ஒரு கரையில மாதா மிதந்து வந்திருக்காளாம். தகரத்துல!"

"ஏளா, தகரம் எப்படி மிதக்கும்?"

"அதுதான புதுமை! ஊரே போயிக் கும்பிடுது."

இனிகோ ஜாக்கி கம்பியை சீட்டுக்கு அடியில் போட்டுக்கொண்டு வண்டியைக் கிளப்பினான்.

கடற்கரையில் ஓலைக்குடிசை ஒன்றின் முகப்பில் அவனுடைய தகரம் நின்றது. அதே பெரிய வலது கண். நான்கு மூலையிலும் நட்டு ஓட்டை. முன்னால் மெழுகுதிரிகள், பூ, உண்டியல். உண்டியலுக்குப் பக்கத்தில் குடிசைக்குச் சொந்தக்காரன் தொம்மை உட்கார்ந்திருந்தான். மூன்று மாதம் முன்புவரை இனிகோவிடமே மூட்டை தூக்கியவன். மாதா படம் போட்ட தகரத்தை எந்தப் பழைய இரும்புக்கடைக்காரனும் வாங்கியிருக்க மாட்டான். வேறு வழியில்லாமல் கடலில் மிதந்து வந்ததாகக் கதை கட்டிவிட்டிருக்கிறான் படுபாவி.

இனிகோவைப் பார்த்ததும் தொம்மைக்கு முகம் வெளிறியது. இனிகோவின் கை சீட்டுக்கு அடியில் கம்பியைத் தேடியது. ஆனால் சுற்றிலும் ஐம்பது பேர் முழங்காலில் நின்றார்கள். 'இது என் வேன் கூரை' என்றால் முதல் அடி யாருக்கு விழும் என்று சொல்ல முடியாது. அப்போதுதான் கம்பியைவிட நல்லதாக ஒன்று அவனுக்குத் தோன்றியது.

இறங்கிப் போய்த் தகரத்தின் முன் நெடுஞ்சாண்கிடையாக விழுந்தான். எழுந்து கண்ணைத் துடைத்தான்.

"இந்த முகத்த நான் கனவுல பார்த்தேன். 'வந்து இறங்குன இடத்த விட்டு நகர மாட்டேன், எனக்கு ஓலைக்குடிசை வேண்டாம், இங்கனயே கல்லுல சின்னக் கோயிலா ஒரு குருசடி கட்டுங்க'ன்னு சொன்னா."

ஊர் ஒரே குரலில் தோத்திரம் சொன்னது. மாதா கேட்ட இடம் மாதாவுக்கு. குடிசையைப் பிரிப்பது என்று அங்கேயே முடிவாயிற்று. தொம்மைக்கும் சேர்ந்து தோத்திரம் சொல்ல வேண்டியதாயிற்று.

மறுநாள் மத்தியானம் தொம்மை கிட்டங்கிக்கு வந்து காலைப் பிடித்தான். "அண்ணாச்சி, எடுத்துக்கிடுங்க. ராத்திரியோட ராத்திரியா நானே கொண்டாந்து மாட்டுதேன். மூணு பிள்ளைய வச்சிருக்கேன்."

"திருடுனேன்னு ஊரு முன்னால சொல்லுல."

"கொன்னுருவாங்க அண்ணாச்சி."

"அப்ப அவ அங்கனயே இருக்கட்டும்."

வடக்கே மேகம் திரண்டிருந்தது. ஒரு தலையாட்டலில் கூரை திரும்பி வந்திருக்கும். இசபெல்லா வாய்விட்டே கேட்டாள்: "வாரத வாங்கி மாட்ட வேண்டியதுதான? கிருபாநிதி சார் வேற வண்டி பேசிட்டு இருக்காராம்." இனிகோ சிரித்தான். கூரை யாருக்கு வேண்டும்? கிட்டங்கியில் மூட்டை காத்துக் கிடக்க, குருசடிக்கு ஒரு லோடு கல்லைத் தன் செலவில் ஏற்றிக்கொண்டு போனான்.

குடிசையைப் பிரித்த இடத்தில் வானம் தெரிந்தது. தொம்மையின் மனைவி பிலோமினா, கவிழ்த்த வள்ளத்தின் மறைவில் அடுப்பு மூட்டிக்கொண்டிருந்தாள். தொம்மை தன் வீடு நின்ற இடத்தில் தானே குருசடிக்கு அஸ்திவாரக் குழி வெட்டினான். இனிகோ கல்லின் மேல் உட்கார்ந்து அதைப் பார்த்தான். தின்னத் தின்னத் திகட்டாத சந்தோஷம் அது.

அப்போது கிரேசி என்கிற பெண் பக்கத்தில் வந்து நின்றாள். அவள் புருஷன் போன மாசி மாதம் கடலுக்குப் போனவன், வள்ளமும் இல்லை, ஆளும் இல்லை. ஒருவாரமாகக் கையை விரித்தபடி முழங்காலில் நிற்கிறாள்.

"அண்ணாச்சி, உங்க கனவுலதான மாதா பேசுனா. எங்க வீட்டு ஆளப் பத்தி ஏதும் சொன்னாளா?"

குழிக்குள் தொம்மை மண்வெட்டியை நிறுத்திவிட்டு இவனையே பார்த்தான். அந்தப் பார்வைக்கு முன்னால் பின்வாங்க இனிகோவுக்கு மனமில்லை.

"சொன்னா," என்றான். "வருவான்னு சொன்னா."

கிரேசி கீழே குனிந்து அவன் காலைத் தொட்டாள்.

குருசடியின் முதல் கல்லை மந்திரிக்கச் சாமியார் வந்த ஞாயிற்றுக்கிழமை, இனிகோவுக்கு மாலை போட்டார்கள். தொம்மை கூட்டத்தின் பின்னால் ஒளிந்து நின்றான். சாமியார் தீர்த்தக் கையை ஓங்கும்போது பிலோமினா இடுப்புப் பிள்ளையோடு நடுவில் வந்தாள்.

"சாமி, நிறுத்துங்க. இது வேன் கூரை. எங்க வீட்டுக்காரரு திருடிக் கொண்டாந்தது. இந்தா மாலையோட நிக்காரே, இவரு வண்டியில இருந்துதான். முதல் நாளே இவருக்குத் தெரியும். தெரிஞ்சே கும்பிட்டாரு, எங்க குடிசையப் பிரிக்க."

யாரோ ஓடிப்போய்த் தகரத்தை வேனின் மேல் வைத்துப் பார்த்தார்கள். நான்கு ஓட்டையும் நான்கு போல்ட்டில் உட்கார்ந்தன. தொம்மைக்கு அடி விழுந்தது, அவன் தடுக்கக்கூட இல்லை. இனிகோவை யாரும் அடிக்கவில்லை. மாலையை மட்டும் கழற்றினார்கள். நான்கு ஆண்கள் ஒரு பேச்சும் பேசாமல் நட்டுகளை இறுகத் திருகிவிட்டு, போ என்று கையைக் காட்டினார்கள்.

கூரை வந்துவிட்டது. தொம்மையும் ஊர் முன்னால் அடிபட்டுவிட்டான். கேட்டதெல்லாம் கிடைத்த மனுஷன் வண்டியில் ஏறிச் சாவியைத் திருகப் போனான். கிரேசி கதவைப் பிடித்துக்கொண்டாள். அவள் முகத்தில் கோபமே இல்லை.

"தகரம் பொய்யின்னு தெரிஞ்சிட்டு அண்ணாச்சி. உங்க கனவு? அதுவும் பொய்யா?"

அவன் சாவியிலிருந்து கையை எடுத்தான்.

மழை பிடித்தது. கூரை ஒரு சொட்டு ஒழுகவில்லை. கிரேசி கதவை விடாமல், பதிலுக்காக வெளியே நனைந்துகொண்டு நின்றாள்.