முதல் குரல்

மேரிசெல்வியாவது, ஒரு வாரம் வாயை மூடுவதாவது! மரக்காணம் உப்பளத்தில் அவள் வாயைத் திறந்தால் கூனிமேட்டுக்குக் கேட்கும். மௌன தியானத்துக்குப் போகிறாள் என்றதும் புருஷன் இருசப்பனே சிரித்துவிட்டான். "ஒரு நாள் தாக்குப் புடிச்சீன்னா மீசைய எடுத்துடறேன்."

அவள் சிரிக்கவில்லை. சுனாமி வந்துபோய் வருஷம் ஒன்று ஆகப்போகிறது, மகள் பூவிழியின் குரல் இன்னும் காதை விட்டுப் போகவில்லை.

உப்பள ஜனங்கள் விடியுமுன்னே வேலைக்குப் போகிறவர்கள். இருட்டில் யாராவது கூப்பிட்டால் முதல் குரலுக்கு வாய் திறக்கமாட்டார்கள். பேய் ஒரு தரம்தான் கூப்பிடும், மனுஷர்தான் மறுபடி கூப்பிடுவார்கள். சுனாமி வந்த அந்த ஞாயிற்றுக்கிழமை நல்ல வெயில். வீட்டு வாசலில் மீன் கழுவிக்கொண்டிருந்தவளுக்குக் கரைப்பக்கமிருந்து "அம்மா" என்று கேட்டது. பாழாய்ப்போன பழக்கம், பட்டப்பகலிலும் அடுத்த குரலுக்குக் காத்திருந்தாள். அடுத்து வந்தது கடல்.

"அந்தக் கொரலு நின்னா போதும் சிஸ்டர்" என்றுதான் தியான இல்லத்துக்கு வந்தாள். பிள்ளையைக் கடலுக்குக் கொடுத்த தாய்மார்களுக்காகக் கன்னியர்கள் நடத்திய தியானம் அது. சிஸ்டர் அமலோற்பவம் சொன்னார்: "யாரு கூப்பிட்டாலும் பேசாதீங்கம்மா. ஆண்டவர் பேசட்டும்."

ஆண்டவர் பேசவில்லை. தினமும் சாயங்கால ஜெபத்தில், மெழுகுவத்தி ஏற்றும்போது, ஜன்னலுக்கு வெளியே ஒரே ஒரு "அம்மா". மேரிசெல்வி உதட்டைக் கடித்துக்கொள்வாள். பக்கத்தில் செல்லம்மாள் முந்தானையை வாயில் வைத்துக் குனிந்திருப்பாள். அவள் பையனும் அன்றைக்குத்தான் போனான். கொடுத்து வைத்தவள், நிம்மதியாக ஜெபம் பண்ணுகிறாளே என்று பொறாமையாகக்கூட இருந்தது.

கடைசி நாளும் மெழுகுவத்தி ஏற்றினார்கள். "அம்மா."

பேயாக இருந்தால்தான் என்ன? பெற்ற பிள்ளை பேயாகி வந்தால் தாய் கதவைச் சாத்திக்கொள்வாளா? மௌனமாவது மண்ணாங்கட்டியாவது! எழுந்து ஓடி ஜன்னலைத் திறந்தாள்.

"வர்றேன்டி கண்ணு! அம்மா இங்கதான் இருக்கேன்!"

சிஸ்டர் பதறித் திரும்புவதற்குள் செல்லம்மாள் முந்தானையை எடுத்துவிட்டு எழுந்தாள். "என்னடா ராசா?" என்றாள் ஜன்னலைப் பார்த்து. பின்வரிசையில் இன்னொருத்தி, "இதோ வந்துட்டேன்டா." அப்புறம் இன்னொருத்தி. வாரம் முழுக்க எல்லோருமே அந்தக் குரலுக்கு வாயைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

வெளியே மழைத் தண்ணீர் நிற்கும் உப்புப் பாத்திகள். ஒரு ஆள் இல்லை. குரலும் நின்றுபோயிருந்தது. அவள் கேட்டு வந்ததும் அதுதான்.

ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு மேரிசெல்வி கெஞ்சினாள். "இன்னொரு தரம் கூப்புடுடி."