மென்டோசாவைத் தவணையில் வாங்கியவள்

லாயிட் வீட்டு மாடி அறையில் அன்றைக்கு ஜனவரி முப்பத்தொன்று. வெளியே பெங்களூர் நீலசந்திரா முழுக்க ஆகஸ்ட் மாதத்து ஞாயிற்றுக்கிழமை, ஆனால் அதை யார் கண்டார்கள்! நாலு லேப்டாப், நாலு கால்பந்து கிளப், நாலு மேனேஜர்கள். அந்தக் கம்ப்யூட்டர் ஆட்டத்துக்குள்ளே வீரர்களை வாங்கவும் விற்கவும் அதுதான் கடைசி நாள். அதைத் தாண்டினால் சீசன் முடிகிறவரைக்கும் கடை மூடல். மீதிப் பதினாறு கிளப்புகளைக் கம்ப்யூட்டரே ஓட்டியது. ஜூடித்தின் கிளப்போ மொத்தம் இருபதில் பதினெட்டாவது இடத்தில் முக்கிக்கொண்டிருந்தது. கோல் போட ஆளில்லை, ஆள் வாங்கக் காசில்லை.

தோற்றால் போகட்டும் என்று விடவும் முடியாது. அவளுடைய சொந்த அண்ணன் கிளிஃபர்ட் இந்த சீசனுக்கென்று ஒரு சட்டம் போட்டிருந்தான். நாலு பேரில் யார் கடைசியோ, அவர்களுடைய இடம் அவனுடைய ஆபீஸ் நண்பன் நரேஷுக்கு. ஐந்து பேரானால் ஆட்டம் நகராது, எப்போதும் நாலுதான். தங்கை என்று பார்த்தானா? அதெல்லாம் கிடையாது.

வாரம் பூராவும் ஜூடித் யூ.கே.ஜி. டீச்சர். நாற்பது வாண்டுகளுக்கு ஷூ லேஸ் கட்டிவிட்டு, குரல் உயர்த்தாமல், சிரித்த முகம் மாறாமல் காலத்தை ஓட்டுகிறவள். தொண்டை கிழியக் கத்தவும் மேஜையை ஓங்கித் தட்டவும் அவளுக்கென்று இருந்தது இந்த ஞாயிறு மத்தியானம் ஒன்றுதான். இந்த நாற்காலி போனால் கீழே லாயிடின் மனைவி ஜூலியாவோடு உட்கார்ந்து பூண்டு உரிக்க வேண்டியதுதான். ஜூலியா தங்கமான பெண், அது வேறு விஷயம். ஆனால் பூண்டு பூண்டுதானே!

"லாயிட், உன் மென்டோசாவ எனக்குக் குடுப்பா" என்றாள் ஜூடித்.

லாயிட் பைக் மெக்கானிக். பேரம் அவனுக்குக் கைவந்த கலை. "முப்பது கோடி. எடுத்து வை."

"நாப்பத்தஞ்சு தரேன்."

லாயிடின் கை மௌஸிலேயே நின்றுவிட்டது. "உன்கிட்ட நாலு கோடிகூட இல்லியே மா!"

"இப்ப ஒண்ணும் கிடையாது. மூணு வருஷத்துல, மாசாமாசம்."

விலை கேட்கும் திரையில் அப்படி ஒரு வசதி இருப்பது அவளுக்கே ஐந்து நிமிடம் முன்னால்தான் தெரியும். உடனே தரவேண்டிய கட்டத்தில் பூஜ்யம், தவணைக் கட்டத்தில் முழுத் தொகை.

"இன்னாது, ஃப்ரிட்ஜ் வாங்கற மாதிரி இ.எம்.ஐ. பேசறே!" என்று லாயிட் விழுந்து விழுந்து சிரித்தான். சிரித்தபடியே சரி என்று அழுத்தினான். நாற்பத்தைந்து என்றால் நாற்பத்தைந்து!

மென்டோசா வந்துவிட்டான்! ஜூடித்துக்கு உடம்பெல்லாம் ஜிவ்வென்று ஏறியது. அந்தச் சூட்டோடு அண்ணனிடமிருந்து கோல்கீப்பரை வாங்கினாள். நாலாவது மேனேஜரான சோஃபியாவிடமிருந்து ஓரத்தில் ஓடுகிற ஒகோரோவை வாங்கினாள். எல்லாம் மூன்று வருடம், மாதாமாதம், கேட்ட விலையைப் போல ஒன்றரை மடங்கு.

"இவளுக்குப் பைத்தியம் புடிச்சிருக்கு. தெளியறதுக்குள்ள வித்துடுங்க" என்று கிளிஃபர்ட் கண்ணடித்தான். வரப்போகிற அந்தப் பணத்தை நம்பி அன்றே தன் கிளப்புக்குப் புது ஸ்டேடியம் கட்ட ஆர்டர் கொடுத்தான். நர்ஸ் வேலையில் நைட் டியூட்டி முடித்துத் தூங்காமல் வந்திருந்த சோஃபியா, கொட்டாவி விட்டுக்கொண்டே தன் ஆட்களுக்கெல்லாம் சம்பளத்தை ஏற்றினாள்.

அப்புறம் பார்க்கவேண்டுமே! மென்டோசா தலையால் போட்டான், காலால் போட்டான், ஒருமுறை விழுந்து புரண்டுகொண்டே முட்டியால் போட்டான். ஒவ்வொரு கோலுக்கும் ஜூடித் போட்ட கூச்சலில் எதிர்வீட்டு முத்தம்மா ஜன்னலைச் சாத்தினாள். பதினெட்டிலிருந்து பதினைந்து, பதினைந்திலிருந்து பன்னிரண்டு என்று ஏறி, கடைசி மேட்ச் வந்தபோது சோஃபியாவுக்கு ஒரே ஒரு புள்ளி கீழே நின்றாள். அந்தக் கடைசி மேட்சும் சோஃபியாவோடுதான். ஜெயித்தால் சோஃபியா வெளியே. டிரா ஆனாலும் சரி, தோற்றாலும் சரி, ஜூடித் வெளியே.

அந்த ஞாயிறு நரேஷே நேரில் வந்துவிட்டான். லேப்டாப் பையை மடியில் வைத்துக்கொண்டு, ஜூலியா கொடுத்த மிளகாய் பஜ்ஜியைச் சாப்பிட்டபடி, பொண்ணு பார்க்க வந்தவன் மாதிரி சுவரோரம் உட்கார்ந்திருந்தான்.

முதல் பாதியில் சோஃபியா ஒரு கோல். எழுபதாவது நிமிடம் ஒகோரோ ஓரத்திலேயே ஓடி வந்து பந்தைத் தூக்கிப் போட, மென்டோசா எகிறி... கோல்! ஒன்றுக்கு ஒன்று! மேஜை மேலிருந்த டீ கிளாஸ் உருண்டது, யாரும் எடுக்கவில்லை. எண்பத்தெட்டாவது நிமிடம் மென்டோசாவைக் காலை வாரிவிட்டார்கள். பெனால்டி!

"அடிடா ராஜா! அடிடா என் செல்லமே!" ஜூடித் நாற்காலி மேல் ஏறியே நின்றுவிட்டாள்.

ராஜா அடித்தான். பந்து கம்பத்துக்கு மேலே பறந்து எங்கோ போய்விட்டது.

விசில் ஊதியது. டிரா. சோஃபியா "ஹே!" என்று குதித்தாள், ஜூடித்தின் முகத்தைப் பார்த்ததும் அப்படியே அடங்கிவிட்டாள். ஜூடித் நாற்காலியிலிருந்து இறங்கினாள். இவர்கள் முன்னால் அழக்கூடாது, அழவே கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டாள்.

"உக்காருங்க நரேஷ்" என்று சொல்லிவிட்டு, வாசற்படியில் கழற்றிப் போட்ட செருப்பைக் காலால் துழாவினாள்.

நரேஷ் கையைத் துடைத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தான். விவரமான ஆள். அணியைப் பார்க்கவில்லை, நேராகக் கணக்குப் பக்கத்தைத் திறந்தான். "இன்னா குரு இது? மூணு பேருக்கும் மாசாமாசம் கட்டணுமா? இன்னும் ரெண்டரை வருஷமா?"

"அது அவ வாங்கினது" என்றான் கிளிஃபர்ட்.

"அவங்க வாங்கினதுக்கு நான் ஏன் கட்டணும்? எல்லாத்தையும் அழிச்சிட்டு சுத்தமா குடு. இல்லேன்னா பேடா, ஒண்ணும் வேணாம், நான் கிளம்பறேன்."

"ஆய்த்து, ஆய்த்து, சரிப்பா. ஒரு நிமிஷம்." ஆட்டத்தை நடத்துகிறவன் கிளிஃபர்ட்தான், கணக்குகளைத் திருத்தும் வசதி அவனிடம் இருந்தது. ஜூடித்தின் கிளப்பைத் திறந்து, அழிக்கும் பட்டனுக்கு அம்பைக் கொண்டுபோனான். கொண்டுபோனவன் அங்கேயே உறைந்தான். அழித்தால் அவனுக்கு வருகிற பணமும் போச்சு! கூரையில்லாமல் பாதியில் நிற்கிற ஸ்டேடியத்தை எதை வைத்து முடிப்பது?

"டேய், கைய எடு!" லாயிட் எழுந்தேவிட்டான். "என் நாப்பத்தஞ்சு கோடிடா அது!"

"அண்ணா, அழிச்சே... நான் சம்பளம் குடுக்க வேணாமா?" சோஃபியா பாய்ந்து வந்து மௌஸைப் பிடுங்கினாள்.

"நரேஷ், கொஞ்சம் கொஞ்சமா நீயே கட்டிடேன்" என்று கிளிஃபர்ட் குழைந்தான்.

"நானா வாங்கினேன்?"

கேட்டது நியாயம்தானே! மூன்று பேரும் மெதுவாக, ஒருவர் பின் ஒருவராக, வாசல் பக்கம் திரும்பினார்கள். ஒரு காலில் செருப்போடு நின்ற ஜூடித்துக்கு முதலில் ஒன்றும் விளங்கவில்லை. அவளுக்கு வேண்டியிருந்தது கோல் போட ஓர் ஆள், அவ்வளவுதான். வேறெந்தத் தந்திரமும் அவள் மனதில் இருந்ததில்லை. விளங்கியபோது நெஞ்சுக்குள் யாரோ சரவெடி கொளுத்திப் போட்டதுபோல இருந்தது. அவள் போனால் மூன்று பேரும் அம்பேல்!

"ஜூடி... வந்து உக்காரு மா" என்றான் கிளிஃபர்ட்.

"ரூலு?"

"ரூலு கெடக்கு, விடு. ரெண்டரை வருஷம் எங்கயும் போகாதே."

"அப்ப நானு?" என்றான் நரேஷ். ஜூலியா அவன் தட்டில் இன்னும் இரண்டு பஜ்ஜி வைத்தாள்.

ஜூடித் செருப்பை உதறிவிட்டு வந்தாள். நரேஷ் எழுந்து விலகினான். நாற்காலியை இழுத்துப் போட்டு நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தாள்.

"பெனால்டி அடிக்க ஓர் ஆள் வேணும். கிளிஃபண்ணா, உன் கேப்டன் எவ்ளோ?"

கிளிஃபர்ட் லேப்டாப்பைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டான். "அவன விக்க மாட்டேன். அப்படியே வித்தாலும்... நூறு கோடி."

"நூத்தம்பது" என்றாள் ஜூடித். "அஞ்சு வருஷம்."