ஏழாம் கேள்வி

“சட்டையைக் கழட்டுங்கண்ணே.”

கப்பல் சமையல்காரர் திகைத்துப்போய் வாசலைப் பார்த்தார். தடுப்பூசி அறையில் நர்ஸான அவள் வாயிலிருந்து வரவே கூடாது என்று டாக்டர் சொல்லிவைத்த வார்த்தை அது. படிவத்தில் இருப்பதைக் கேள், கோடு போடு, ஊசியைக் குத்து. வரிசை தேங்கக் கூடாது.

“மஞ்சள் காய்ச்சல் ஊசி கையிலதானேம்மா? மாப்பிள்ளை பாக்க வந்த மாதிரி நெஞ்சைக் காட்டச் சொல்றியே!”

“காட்டுங்க.”

மூன்று மாதத்துக்கு முன் இதே நாற்காலியில் ஒரு வெல்டர் உட்கார்ந்திருந்தார். ஏழாம் கேள்வியைக் கிளிப்பிள்ளைபோல் ஒப்பித்தாள்: தைமஸ் சுரப்பியில் நோயோ அறுவையோ உண்டா? நெஞ்செலும்புக்குப் பின்னாலிருக்கும் அந்தச் சுரப்பி கெட்டவர்களுக்கு இந்த ஊசியே விஷம். “அப்படி ஒண்ணு உடம்புல இருக்கா தங்கச்சி? கேள்விப்பட்டதே இல்லியே” என்று சிரித்தார். அவள் ‘இல்லை’யில் கோடு போட்டு ஊசியைக் குத்தினாள். ஒன்பதாம் நாள், கண்ணெல்லாம் மஞ்சள் பூத்து, போய்ச் சேர்ந்தார். அவர் மனைவி வந்து இந்த மேசையைப் பிடித்துக்கொண்டு கேட்டாள்: “கண்ணிமை தொங்குதுன்னு நெஞ்சைப் பிளந்து ஏதோ சதைய எடுத்தாங்களே, அதைக்கூடவா கேக்கல?” குடும்பத்திலேயே முதல் பட்டதாரியான இவள், அவர் படிவத்தை அலமாரிக்குள் தள்ளி மூடினாள். அன்றிலிருந்து அந்த நாற்காலியில் யார் உட்கார்ந்தாலும் அவர்களுக்குள்ளிருந்து வெல்டர் சிரித்தார்.

சமையல்காரர் பொத்தான்களை அவிழ்த்தார். தொண்டைக்குழிக்குக் கீழே, நெஞ்சின் நடுவே, வெளுத்த நீளத் தழும்பு.

“பழசும்மா. ஏதோ சுரப்பியில கட்டின்னாங்க.”

சத்தம் கேட்டு டாக்டர் வந்துவிட்டார். “ஏழாம் கேள்விக்கு இவர் இல்லைன்னுதானே சொன்னார்? போடு. நாலெழுத்து படிச்சதும் நீயே டாக்டராயிட்டியா?”

“அன்னைக்கு அந்த வெல்டரும் இல்லைன்னு சொல்லல சார். தெரியாதுன்னார். நான்தான் இல்லைன்னு போட்டேன்.”

“அதை வெளிய சொன்னா உன் வேலை போயிடும்.”

“அவர் உயிரே போயிடுச்சு.”

நிரப்பிய ஊசியைக் கழிவுப்பெட்டியில் போட்டாள். ஏழாம் கேள்விக்கு எதிரே ‘உண்டு’ என்று மை அழுந்த எழுதி, படிவத்தைச் சமையல்காரர் கையில் திணித்தாள். “எங்க போனாலும் இதைக் காட்டாம கையை நீட்டாதீங்கண்ணே. ஊசி கூடாதுன்னு விலக்குச் சீட்டு கேளுங்க. குடுப்பாங்க.”

பிறகு அலமாரியைத் திறந்து வெல்டரின் படிவத்தை எடுத்தாள். அவர் மனைவி கேட்ட கேள்விக்குப் பதில் சொல்ல, வீட்டு விலாசம் அதிலேயே இருந்தது.

வரிசையைக் கடந்து வெளியே நடந்தாள். முதுகுக்குப் பின்னால் நாற்காலி கிறீச்சிட்டது, யாரோ எழுந்து கூட வருவதுபோல.